மாய ஆற்றலின் ஊற்றுகள்: மிகுபுனைவு ஆட்ட உலகமும் வடசென்னை நிலமும்

மாய ஆற்றலின் ஊற்று என்பது ஒரு மிகுபுனைவு உலகில் இயற்கையை மீறிய செயல்களுக்கான திறன் எங்கிருந்து வருகிறது, யாருக்குக் கிடைக்கிறது, அதற்கு என்ன விலை என்பதற்கு அவ்வுலகை உருவாக்குபவர் அளிக்கும் விளக்கம். நாவல், சித்திரக்கதை, திரைப்படம் ஆகியவற்றில் இவ்விளக்கம் கதையின் பின்னணியில் நிற்கலாம். கணினி ஆட்டங்களிலும் மேசை ஆட்டங்களிலும் அது முன்னால் வந்துவிடுகிறது. ஆடுபவர் அந்த ஆற்றலைத் தன் கையால் செலவிடுகிறார், சேமிக்கிறார், இழக்கிறார் என்பதே காரணம்.

தமிழ் நிலத்தைக் களமாகக் கொண்டு ஆட்ட உலகங்களை உருவாக்க விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் மேலை ஆட்டங்களின் வார்ப்பை எடுத்துக்கொண்டு பெயர்களை மட்டும் தமிழாக்குகின்றனர். வார்ப்பில் உள்ள கருத்து அப்படியே தங்கிவிடுகிறது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வடசென்னைக் கடற்கரை இந்தக் கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற இடம். ஆற்றல் இடத்தில் உறைவது என்று சொல்லும் பழைய தொன்மங்களும், ஆற்றலை உற்பத்தி செய்து வெளியே அனுப்பிவிட்டு அதன் கழிவுடன் வாழும் இன்றைய வாழ்க்கையும் அங்கே ஒரே மண்ணில் உள்ளன.

பின்னணி

ஆட்டங்களில் மாய ஆற்றலைக் குறிக்கும் பொதுச்சொல் ‘மானா’. இது பசிபிக் தீவுகளின் மொழிகளைச் சேர்ந்த சொல். ஆங்கிலேய மதப்பணியாளரான ராபர்ட் ஹென்றி காட்ரிங்டன் 1891-ல் வெளியிட்ட மெலனீசியர் பற்றிய நூல் வழியாக மானுடவியலில் பரவலானது. அம்மக்களின் நம்பிக்கையில் மானா ஒரு மனிதரிடமோ கல்லிலோ கருவியிலோ படிந்திருக்கும் திறன். அது இருக்கிறதா என்பது விளைவைக் கொண்டே அறியப்படும்.

அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவன் 1969-ல் எழுதிய ஒரு சிறுகதையில் மானாவைத் தீர்ந்துபோகும் இயற்கை வளமாகக் காட்டினார். மந்திரவாதிகள் ஓரிடத்தில் அதிகமாக மந்திரம் செய்தால் அந்த நிலத்தின் மானா வற்றிவிடும். எண்ணெய்க் கிணறு வற்றுவதைப் போன்றது இது. 1974-ல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வேறு வழியை எடுத்தது. ஜாக் வான்ஸ் 1950-ல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ நூலின் முறையைப் பின்பற்றி, மந்திரத்தை மனப்பாடம் செய்து ஒருமுறை பயன்படுத்தியதும் மறந்துபோவதாக அது அமைத்தது. பின்னர் கணினி ஆட்டங்கள் இரண்டையும் எளிமையாக்கின. 1996-ல் வெளியான ‘டியாப்லோ’வில் மானா திரையின் ஓரத்தில் இருக்கும் நீலநிற உருண்டை. குறைந்தால் ஒரு நீலக்குப்பியைக் குடித்து நிரப்பிக்கொள்ளலாம்.

இந்த எளிமையாக்கலில் ஒன்று தொலைந்தது. கல்லிலும் மண்ணிலும் மனிதரிடமும் படிந்திருந்த ஒன்று, எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தேவையில்லாத எண்ணாக மாறியது. நிவனின் கதையில் நிலம் வற்றியது. நீல உருண்டையில் எதுவும் வற்றுவதில்லை.

பிராண்டன் சாண்டர்சன் 2007-ல் முன்வைத்த முதல் விதி இத்துறையில் அதிகம் பேசப்படுவது. வாசகர் மாயத்தை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறாரோ அந்த அளவுக்கே ஆசிரியர் அதைக்கொண்டு கதைச் சிக்கலைத் தீர்க்க முடியும் என்பது அதன் சாரம். பயனுள்ள விதி. ஆனால் அது மாயம் எப்படி இயங்குகிறது என்பதை மட்டுமே கேட்கிறது. அது யாருடையது, யார் ஈடு கொடுக்கிறார்கள் என்ற கேள்விகள் அதில் இல்லை. அவற்றை அர்சுலா லெ குவின் 1968-ல் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலில் எழுப்பியிருந்தார். அவருடைய உலகில் ஒன்றின் உண்மையான பெயரை அறிவதே அதன்மீதான ஆற்றல். ஆனால் ஒவ்வொரு மந்திரமும் உலகின் சமநிலையை அசைக்கும். ஓரிடத்தில் வரவழைத்த மழை வேறோரிடத்தில் பஞ்சமாகலாம்.

தமிழ் மரபில் ஆற்றலின் ஊற்றுகள்

தமிழ் மரபில் ஆற்றலின் ஊற்று ஒன்றல்ல. குறைந்தது ஐந்து வகைகளை வேறுபடுத்தலாம்.

முதலாவது அணங்கு. சங்கப்பாடல்களில் அணங்கு மலையிலும் நீர்த்துறையிலும் மரத்திலும் பெண்ணிலும் உறைவது, வருத்துவது. அணங்கு என்பது பொருட்களிலும் இடங்களிலும் பெண்களிலும் உறையும் ஆபத்தான புனித ஆற்றல் என்று ஜார்ஜ் எல். ஹார்ட் விளக்கினார். அச்சொல்லின் பொருட்பரப்பைப் பெண்ணின் புனித ஆற்றல் என்று குறுக்கிவிட்டார்கள் என வி.எஸ். ராஜம் 1986-ல் மறுத்தார். விவாதம் எப்படி இருந்தாலும், அணங்கு மனிதர் சேமித்துவைத்துச் செலவிடும் பொருள் அல்ல என்பதில் ஐயமில்லை.

நெய்தல் நிலத்துக்கு இதன் மிகச்சிறந்த சான்று பட்டினப்பாலையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைச் சித்திரிக்கும்போது, அவர்கள் சுறாமீனின் கொம்பை நட்டு அதில் உறையும் வலிய அணங்கை வழிபடுவதைச் சொல்கிறார். அந்த நாளில் அவர்கள் கடலுக்குச் செல்வதில்லை. ஓர் ஆட்ட அமைப்புக்கு வேண்டிய அனைத்தும் இந்தச் சிறிய சித்திரத்தில் உள்ளன. ஊற்று கடலிலிருந்து கிடைத்த ஓர் எலும்பு. இடம் ஊர் கூடும் மணல்வெளி. உரிமை ஊர் முழுமைக்கும். விலை ஒருநாள் பிழைப்பு.

இரண்டாவது தவமும் வரமும். இங்கே ஆற்றல் உழைப்பின் கூலி. வரத்தின் சொற்களில் இருக்கும் ஓட்டையே பெரும்பாலான கதைகளின் முடிச்சு. விக்கிரமாதித்தன் கதையில் ஆயிரம் ஆண்டுகள் அரியணையில் அமர்ந்து ஆளும் வரத்தை, காடாறு மாதம் நாடாறு மாதம் என்று பிரித்து இரண்டாயிரம் ஆண்டுகளாக்குகிறான் பட்டி. ஆட்ட விதிகளின் வரியிடையில் புகுந்து வெல்லும் ஆட்டக்காரனுக்கு முன்னோடி அவன்.

மூன்றாவது சொல். தொல்காப்பியமும் திருக்குறளும் நிறைமொழி மாந்தரின் மறைமொழி என்றே மந்திரத்தைப் பேசுகின்றன. மந்திரத்தின் வலிமை சொல்பவரின் நிறைவிலிருந்து வருகிறது. தவறான மனிதர் சரியாக உச்சரித்தாலும் பலனில்லை.

நான்காவது அறம் மீறப்படும்போது எழும் ஆற்றல். மதுரையை எரித்த கண்ணகிக்கு அதற்குமுன் எந்த மந்திரமும் தெரியாது. அவளிடம் வந்த ஆற்றல் அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியின் அளவில் வந்தது. இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத கணத்தில் வந்தது.

ஐந்தாவது சித்தி. அணிமா முதல் வசித்துவம் வரையிலான எட்டு சித்திகள் ஆட்டங்களின் திறன் பட்டியலுக்கு மிக நெருக்கமானவை. அதனாலேயே உருவாக்குபவர்கள் முதலில் எடுப்பது இவற்றை. ஆனால் சித்தர் மரபில் சித்திகளில் தங்கிவிடுவது வீழ்ச்சி. அவை வழியில் கிடைப்பவை, கடந்துசெல்ல வேண்டியவை. திறனைக் கூட்டிக்கொண்டே செல்லும் ஆட்டத்தின் அடிப்படை நோக்கத்துக்கு எதிரான கருத்து இது. பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது இந்த முரண் விடுபட்டுவிடுகிறது.

திருவொற்றியூர்: இடத்தில் கட்டுண்ட ஆற்றல்

திருவொற்றியூர் தியாகராஜசுவாமி ஆலயத்தைச் சுற்றியுள்ள தொன்மங்கள் ஆற்றலை இடத்துடன் பிணைக்கின்றன. மூலவர் ஆதிபுரீசுவரர் புற்றிடங்கொண்டவர். ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பட்டிருக்கும் லிங்கத்தின் கவசம் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் விலக்கப்படுகிறது. ஊழிக்கால வெள்ளத்தை ஒற்றி நிறுத்திய இடம் என்பதால் ஒற்றியூர் என்று பெயர் வந்ததாகத் தலக்கதை சொல்கிறது.

பெரியபுராணத்தில் வரும் சுந்தரர், சங்கிலியார் கதை இவற்றில் முக்கியமானது. சங்கிலியாரை மணக்க விரும்பும் சுந்தரர், அவரைப் பிரியமாட்டேன் என்று சபதம் செய்யவேண்டும். கருவறையில் சபதம் செய்யும்போது இறைவன் அங்கிருந்து விலகி மகிழமரத்தடியில் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். இறைவன் இல்லாத இடத்தில் செய்யும் சத்தியம் கட்டாது என்பது அவர் கணக்கு. இறைவனோ சபதத்தை மகிழமரத்தடியில் வாங்கும்படி சங்கிலியாரிடம் கனவில் சொல்லிவிடுகிறார். சுந்தரர் வேறு வழியின்றி அங்கேயே சபதம் செய்கிறார். பின்னர் திருவாரூர் நினைவில் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் பார்வை இழக்கின்றன. ஒரு கண் காஞ்சியிலும் மற்றது திருவாரூரிலும் திரும்பக் கிடைக்கின்றன. மகிழடி சேவை இன்றும் அந்த ஆலயத்தின் விழாக்களில் ஒன்று.

இக்கதையில் விதி தெளிவாக உள்ளது. சத்தியத்தின் வலிமை அது சொல்லப்படும் இடத்தில் உள்ளது. விதியை அறிந்தவன் அதை ஏமாற்ற முயல்கிறான். விதியே அவனைத் திருப்பி ஏமாற்றுகிறது. தண்டனை ஊரின் எல்லையில் நிகழ்கிறது. மீட்பு ஒரே இடத்தில் முழுமையாகக் கிடைப்பதில்லை, நடந்து நடந்து பெறவேண்டியிருக்கிறது. இறைவனின் அன்புக்குரிய தோழராக இருந்தும் சுந்தரருக்கு விலக்கு இல்லை. சாண்டர்சன் கேட்கும் தெளிவும் லெ குவின் கேட்கும் பொறுப்பும் இதில் ஒன்றாக இருக்கின்றன.

பட்டினத்தார் கதை இன்னொரு வகை. அவர் கையில் இருந்த பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்று சொல்லப்பட்டிருந்தது. ஊர் ஊராக அலைந்தபின் ஒற்றியூர்க் கடற்கரையில் அது இனித்தது. இங்கே மாயப்பொருள் எதையும் செய்வதில்லை. இடத்தை அறிவிக்கிறது, அவ்வளவுதான். ஆயுதமாகாத மாயப்பொருளுக்கு இது நல்ல முன்மாதிரி.

அதே ஆலயத்தில் உள்ள வட்டப்பாறை அம்மன் அடக்கிவைக்கப்பட்ட ஆற்றல். அவளுடைய உக்கிரத்தை ஆதிசங்கரர் தணித்தார் என்பது ஒரு மரபு. மதுரையை எரித்த கண்ணகியே சினம் தணியாமல் இங்கு வந்து வட்டக்கல்லின் கீழ் அமர்ந்தாள் என்பது இன்னொரு வாய்மொழிக் கதை. கம்பர் இரவில் ராமாயணம் எழுதியபோது இந்தக் காளி விளக்குப் பிடித்தாள் என்றும் சொல்வதுண்டு. நகரை எரித்த நெருப்பும் கவிஞனுக்கு ஒளியான நெருப்பும் ஒரே தெய்வத்தின் கையில் உள்ளன. ஆற்றலுக்குத் தன்னளவில் நன்மையோ தீமையோ இல்லை, அது எந்த உறவுக்குள் வருகிறது என்பதே முக்கியம் என்ற எண்ணம் இதில் உள்ளது. ஒளி மந்திரம் நல்லது, இருள் மந்திரம் கெட்டது என்ற ஆட்ட வழக்கத்துக்கு இதில் இடமில்லை.

எண்ணூர்: ஆற்றலின் விலை

திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூரில் ஆற்றல் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1970-ல் இயங்கத் தொடங்கியது. 450 மெகாவாட் திறன் கொண்ட அந்நிலையம் 2017-ல் மூடப்பட்டது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையமும், பின்னர் வல்லூர் நிலையமும் வந்தன. 2001-ல் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று காமராஜர் துறைமுகம் என்று அழைக்கப்படும் அதன் முதல் பணி மின்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவது. அதுவரை ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தில் இறங்கிவந்த நிலக்கரியும் 2011-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து எண்ணூருக்கு மாறியது. ராயபுரத்தின் தூசு குறைந்தது. தூசு இல்லாமல் போகவில்லை, இடம் மாறியது.

இந்திய நிலக்கரியில் சாம்பல் பொதுவாக 30 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். மின்சாரம் கம்பியில் ஏறி நகரத்துக்குச் செல்கிறது. சாம்பல் நீருடன் கலந்து குழாய்களில் சாம்பல் குளத்துக்குச் செல்கிறது. குழாய்களில் ஏற்பட்ட கசிவால் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. கழிமுகம் ஆழம் குறைந்தது. கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் முதல் வலை கட்டுபவர்கள் வரை அதை நம்பியிருந்தவர்கள் பாதிக்கப்பட்டனர். 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியபோது அது வாளிகளால் அள்ளப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துடன் மணலி தொழிற்பகுதியின் எண்ணெய் கழிமுகத்தை அடைந்து படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினர்.

ஆற்றல் அமைப்பை வடிவமைப்பவருக்கு இந்த வரலாறு மூன்று கேள்விகளைக் கற்றுத்தருகிறது. ஆற்றல் எங்கே எடுக்கப்படுகிறது? எங்கே செலவிடப்படுகிறது? சாம்பல் எங்கே கொட்டப்படுகிறது? முதல் இரண்டு கேள்விகளைப் பெரும்பாலான ஆட்ட உலகங்கள் ஏதோ ஒருவகையில் கேட்கின்றன. மூன்றாவது கேள்வியைக் கேட்கும் ஆட்டங்கள் அரிது. மந்திரம் முடிந்ததும் ஒளி மறைந்துவிடுகிறது, மிச்சம் ஏதுமில்லை.

நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. கடற்கரை மேலாண்மைக்கான 1996-ஆம் ஆண்டு வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம் பின்னர் வந்த வரைபடம் ஒன்றில் விடுபட்டிருப்பதாக 2017-ல் சூழியல் செயல்பாட்டாளர்கள் குற்றம் சாட்டினர். பெயரை அறிவதே ஆற்றல் என்று லெ குவினின் உலகம் சொல்கிறது. பெயரை அழிப்பதும் ஆற்றல் என்பதை வரைபடம் காட்டுகிறது. அதே ஆண்டு டி.எம். கிருஷ்ணா பாட, கபேர் வாசுகி எழுதிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ கழிமுகத்தின் நடுவே படமாக்கப்பட்டு வெளியானது. அனைவருக்கும் பொதுவான நிலம் என்ற பொருளில் இருந்து வசைச்சொல்லாகிவிட்ட புறம்போக்கு என்னும் சொல்லை அது மீட்க முயன்றது. சொல்லின் பழைய பொருளைத் திரும்பக் கொண்டுவருவதன்மூலம் நிலத்தை மீட்கும் முயற்சி அது. ஒரு மந்திரவாதியின் பணிக்கு இதைவிட நெருக்கமான நடைமுறை உதாரணம் கிடைப்பது கடினம்.

ஒப்பீடு: மிட்கரும் எண்ணூரும்

1997-ல் ஜப்பானில் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ சாம்பலைப் பற்றிய கேள்வியைக் கேட்ட முக்கியமான ஆட்டம். மிட்கர் என்ற நகரில் ஷின்ரா என்னும் நிறுவனம் உலைகள் அமைத்து மாக்கோ என்ற ஆற்றலை எடுக்கிறது. அது கோளின் உயிரோட்டம். மந்திரம் செய்ய உதவும் கற்களும் அந்த உயிரோட்டம் இறுகி உருவானவையே. வசதியானவர்கள் மேலே பெரிய தட்டின்மீது வாழ்கின்றனர். ஏழைகள் தட்டுக்குக் கீழே வெயில் படாத சேரிகளில் வாழ்கின்றனர். ஆட்டம் ஓர் உலையைத் தகர்ப்பதில் தொடங்குகிறது.

எண்ணூரை அறிந்த வாசகருக்கு இது அயல்நாட்டுக் கற்பனையாகத் தோன்றாது. இந்த அமைப்பின் சிறப்பு, மின்சாரமும் மந்திரமும் ஒரே ஊற்றிலிருந்து வருவது. உலையை எதிர்க்கும் நாயகனும் அதே உயிரோட்டம் இறுகிய கற்களைக்கொண்டே போரிடுகிறான். அவன் கையும் தூய்மையானதல்ல. எண்ணூரை எதிர்த்து எழுதப்படும் கட்டுரையும் அங்கே எரிந்த நிலக்கரியின் மின்சாரத்தில் எழுதப்பட்டிருக்கலாம் என்பதைப்போல.

ஆனால் ஆட்டம் முன்னேறும்போது ஷின்ரா பின்னுக்குச் செல்கிறது. விண்ணிலிருந்து வந்த தீய உயிரியும் அதன் வழிவந்த வில்லனும் முன்னுக்கு வருகின்றனர். நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் தொடங்கிய கதை கோளைக் காக்கும் போரில் முடிகிறது. இது பல மிகுபுனைவுகளின் பொதுக்குறை. அழிவுக்குக் காரணம் அசுரன் என்றால் கையெழுத்திட்டவர்கள் விடுபட்டுவிடுகிறார்கள். அசுரனைக் கொல்லலாம், அவன்மீது வழக்குத் தொடர முடியாது.

இந்திய ஆட்டங்களில் புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் வெளியிட்ட ‘ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்’ குறிப்பிடத்தக்கது. ஒரு சாதாரணப் பெண் துர்க்கை, விஷ்ணு முதலிய தெய்வங்களின் ஆயுதங்களைப் பெற்று அசுரர்களுடன் போரிடுகிறாள். காட்சியமைப்பில் இந்தியக் கட்டடக்கலையை அது அழகாகக் கொண்டுவந்தது. ஆனால் அங்கே தெய்வம் கொடுக்கிறது, பெண் பெறுகிறாள், அசுரன் அழிகிறான். புராணங்களில் வரத்துக்குப் பின்னால் இருக்கும் தவமும் கடனும் சாபமும் ஆடும் முறைக்குள் வரவில்லை.

திரைப்படங்களில் வடசென்னை ஆற்றல்

வடசென்னையைக் காட்டும் தமிழ்த் திரைப்படங்களில் ஆற்றலின் ஊற்று பெரும்பாலும் வன்முறை. துறைமுகத்தையும் சிறையையும் யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களே வலியவர்கள். பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) இதில் ஒரு விலகல். வியாசர்பாடிக் குடியிருப்பில் உள்ள ஒரு சுவரைக் கைப்பற்ற இரு அரசியல் தரப்புகள் மோதுகின்றன. அந்தச் சுவர் உயிர்களைக் காவு வாங்குகிறது என்று மக்கள் நம்புகிறார்கள். படம் அந்த நம்பிக்கையை உண்மை என்றோ பொய் என்றோ சொல்வதில்லை. சுவரின் பேயும் கட்சியின் ஆளும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். முடிவில் சுவரின் ஓவியம் அழிக்கப்படும்போது சடங்கும் அரசியலும் ஒன்றாகின்றன. மாய ஊற்று ஒன்றை வடசென்னையின் அன்றாடத்துக்குள் இயல்பாக வைத்த படைப்பு இது.

மடோன் அஷ்வினின் ‘மாவீரன்’ (2023) நேரடியான மிகுபுனைவு. குடிசைப்பகுதியிலிருந்து தரமற்ற அடுக்குமாடிக்கு இடம்பெயர்க்கப்பட்ட ஓவியனுக்குத் தலையில் அடிபட்டபின் ஒரு குரல் கேட்கத் தொடங்குகிறது. அவன் வரையும் சித்திரக்கதையின் வீரனை விவரிப்பதுபோல அது அவனையே விவரிக்கிறது. அவன் ஏற்காவிட்டாலும் அது அவனை வீரனாக்க முயல்கிறது. ஆற்றல் இங்கே பரிசு அல்ல, நெருக்கடி. கோழையாக இருக்கும் உரிமையைப் பறிப்பதே அதன் விலை. அணங்கு வருத்துவதைப்போல அந்தக் குரல் அவனை வருத்துகிறது. நகைச்சுவையாகத் தொடங்கும் ஒரு கற்பனை பிதிரும் சுவர்களின் மேல் நிற்பதால் எடை பெறுகிறது.

திணை என்னும் அமைப்பு

தமிழ்க் கவிதையியலின் திணைக்கோட்பாடு ஆற்றல் அமைப்புக்கு ஆயத்தமான சட்டகம் என்று பலருக்கும் தோன்றும். ஐந்து நிலம், ஐந்து தெய்வம், ஐந்து வகை மந்திரம் என்று பிரிப்பது எளிது. அப்படிச் செய்தால் நெருப்பு, நீர், காற்று என்ற மேலை ஆட்டப் பிரிவினைக்குத் தமிழ்ப் பெயரிட்டதாகவே முடியும். திணை என்பது நிலத்தின் பெயர் மட்டுமல்ல. நிலம், பொழுது, கருப்பொருள், உரிப்பொருள் ஆகியவை பொருந்தி நிற்கும் உறவு. நெய்தலின் ஆற்றல் அலையை எழுப்புவதாக இருக்க வேண்டியதில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். சென்றவருக்காகக் கரையில் நின்று வருந்துவதில் உள்ள ஆற்றல் என்ன என்று கேட்பதே திணையின் வழி.

இன்னும் முக்கியமானது பாலை. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வெம்மையுறும்போது பாலையாகின்றன என்கிறது சிலப்பதிகாரம். சங்கக் கவிதை அறிந்த பாலை பருவத்தால் வருவது, மழை வந்தால் மறையும். எண்ணூரில் நெய்தல் பாலையாவது பருவத்தால் அல்ல. சாம்பல் படிந்த கழிமுகத்தை மழை திருப்பித் தருவதில்லை. ஓர் ஆட்ட உலகில் ஆடுபவரின் ஒவ்வொரு மந்திரமும் எங்கோ ஒரு நெய்தலைச் சிறிது பாலையாக்குகிறது என்று அமைத்தால், திணைக்கோட்பாடு அலங்காரமாக இல்லாமல் விதியாகவே இயங்கும். ஆடுபவர் அந்த ஊருக்குச் செல்லும் நாளில்தான் தன் செலவைக் காண்பார்.

பகிர்வுக்கான முன்மாதிரியும் அருகிலேயே உள்ளது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் மீனவர் கடைப்பிடிக்கும் பாடு முறையில், நல்ல மீன்பிடி இடங்கள் எவருக்கும் நிரந்தரமாக உரியவை அல்ல. முறைவைத்து மாறி மாறிக் கிடைக்கின்றன. அந்த முறைக்கு உள்ளே யார், வெளியே யார் என்ற பூசலும் அதில் உண்டு. ஆற்றலைத் தனிநாயகனின் உடைமையாக்காமல் முறைப்படி சுழலவிடும் ஆட்டம் ஒன்றுக்கு இது போதுமான விதைநெல்.

சிக்கல்கள்

வடசென்னையை மிகுபுனைவுக் களமாக்குவதில் மூன்று ஆபத்துகள் உண்டு. ஒன்று, அழிவைக் காட்சிப்பொருளாக்குவது. புகைபோக்கிகளும் எண்ணெய் படிந்த நீரும் திரையில் அழகாகத் தெரியும். அங்கே ஆஸ்துமாவுடன் தூங்கும் குழந்தைக்கு அவை அழகல்ல. இரண்டு, மீனவரை இயற்கையின் ரகசியம் அறிந்த மாயமனிதராக்குவது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்தறிவது பயிற்சியால் வரும் தொழிலறிவு. அதைப் பிறவிச் சித்தியாகக் காட்டினால் உழைப்பு மறைந்துபோகும். மூன்று, துறைமுகத் தொழிலாளியையும் மின்நிலைய ஒப்பந்தத் தொழிலாளியையும் தீயவர் பக்கம் நிறுத்துவது. அவர்களும் அதே தெருக்களில் வாழ்பவர்கள். ஒரே வீட்டில் அண்ணன் படகிலும் தம்பி ஆலையிலும் இருப்பது அங்கே இயல்பு.

மதிப்பீடு

மாய ஆற்றல் அமைப்பின் தரத்தை அதன் விதிகளின் நுட்பத்தால் மட்டும் அளக்க முடியாது. அது விலையை யார் தலையில் வைக்கிறது என்பதே முதன்மை அளவுகோல். நீல உருண்டை விலையை மறைக்கிறது. வான்ஸின் மந்திரவாதி தன் நினைவால் விலை கொடுக்கிறான். நிவனின் உலகில் நிலம் கொடுக்கிறது. மிட்கரில் தட்டுக்குக் கீழே வாழ்பவர்கள் கொடுக்கிறார்கள். ஒற்றியூரில் சத்தியத்தை மீறியவனே தன் கண்ணால் கொடுக்கிறான். இவற்றுள் கடைசியில் உள்ளதே நீதியான அமைப்பு. பயன்படுத்தியவரும் ஈடு கொடுத்தவரும் அங்கே ஒருவரே.

எண்ணூரில் இருவரும் வேறு. அந்த இடைவெளிதான் அந்நிலத்தில் உருவாகும் எந்த மிகுபுனைவுக்கும் உண்மையான கரு. மகிழமரத்தடியின் விதியும் சாம்பல் குளத்தின் நடைமுறையும் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஒன்றை மற்றதன் முன் நிறுத்தும் ஆட்டம் தமிழில் எழுதப்படும்போது, ஆடுபவர் தன் கையில் ஒளிரும் ஆற்றல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்குவார். அந்தக் கேள்வி ஆட்டத்தை அணைத்தபின்னும் தொடரும். மின்விசிறி அப்போதும் சுழன்றுகொண்டிருக்கும்.